பதினான்காம் கேள்விக்கு அறுபத்திரண்டு ‘இல்லை’

4ஆம் லயம், கீழ்ப்பிரிவு,
கிளன்போர்ட் தோட்டம்,
மஸ்கெலியா.
மார்ச் 24, திங்கட்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க ஜூட்சன் மாமாவுக்கு,

மருமகள் பெற்றீசியா பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவில் இங்கே அப்பா, அம்மா, நான், மாடு ஆகிய நால்வரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. ஆனால் அது சுகமாக இருந்த வருடம் எனக்கு நினைவில்லாததால் அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. வத்தளை வெக்கையில் நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் வாடாமல் இருக்க வேண்டும் என்று அம்மா செபமாலையில் உங்களுக்காக ஒரு மணி கூடுதலாக உருட்டுகிறார். அப்பாவும் தம் மச்சானைக் கேட்டதாக எழுதச் சொல்லியிருப்பார், இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரிந்திருந்தால்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் போன் பேசினால் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். அதுவும் நான் கேட்கப்போவது மீனைப் பற்றி. மீன் என்ற சொல்லைக் கீழ்ப்பிரிவில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அடுப்பில் கொதித்தாலும் அது ‘கறி’தான். தவிரவும், வாய் திறந்து ஒன்றைக் கேட்பது எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். பட்டமளிப்பு விழாவில் என் பெயரைக் கூப்பிட்டபோதே பக்கத்தில் இருந்த பிள்ளை என்னைத் தள்ளிவிட்ட பிறகுதான் மேடைக்குப் போனேன். ஆகவே எழுதுகிறேன். மரக்கறி லொறியில் கொழும்புக்கு வரும் பிரதாப் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுக்கலாம். அவர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கமாட்டார் என்று நம்புகிறேன். உறையின் நாலு பக்கமும் பசை போட்டிருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் வெள்ளிக்கிழமை, 28ஆம் திகதி மாலை நாலு மணிக்குள், நம் கீழ்ப்பிரிவில் யாராவது எப்போதாவது மீன் பிடித்திருக்கிறார்கள் என்று எழுத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஏரியைச் சுற்றி வேலி வந்துவிடும்; அதன் பிறகு அப்பா மட்டுமல்ல, யாருமே கரையில் கால் வைக்க முடியாது. அறுபத்திரண்டு வீடுகளில் ஒரு வீட்டிலும் மீன் பிடிப்பதில்லை என்று எழுதிக் கொடுத்த கை என்னுடையது.

நீங்கள் போன பிறகு வந்த மாற்றம் இது. நம் ஆற்றின் ஆழமான மடுவான அண்டாக் குழிக்குக் கீழே ஆற்றை மறித்து ஓர் அணை கட்டி, தண்ணீரைச் சுரங்கத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். அண்டாக் குழி இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன ஏரி. குழியும் போய், மீன் முட்டையிடும் ஆழமில்லாத இடங்களும் போய்விட்டதால், அதற்கு ஈடாகத் திட்டக்காரர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று அனுமதிப் பத்திரத்தின் பதினேழாம் நிபந்தனை சொல்கிறது. ஒன்று, ஊர்மக்கள் இறங்கி மீன் பிடிக்கக் கரையில் ஒரு பாதையும் படிகளும் எட்டு இருக்கைகளும். இரண்டாவது, ஓடை ஏரியில் சேரும் இடத்தில் கூழாங்கல் பரப்பி, நாணல் நட்டு, மீன்கள் குஞ்சு பொரிக்க ஓர் இடம். இதையெல்லாம் விளக்கி அழகான வர்ணத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. ‘உங்கள் ஏரி, உங்கள் கரை’ என்று மேலே எழுதி, கீழே தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் தூண்டிலோடு சிரிக்கும் படம் போட்டிருந்தார்கள்.

அந்தப் படம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தத் தொரைக்குத்தான் பாதை போடுறாங்க. நம்ம குந்துறதுக்கு முதுகு சாயிற மாதிரி சீட்டு யாரு போடப்போறா?” என்றார். அடுத்த வீட்டு வீரம்மா அத்தை, “எலெக்சன் முடிஞ்சு போச்சு, திருவிழாவும் இல்ல. இப்ப எதுக்கு நமக்குக் குடுக்கிறானுங்க? எதையோ எடுத்துட்டானுங்க, அது என்னன்னு இன்னும் தெரியல” என்று தன் வீட்டுக்குள் போய்ச் சாமான்களை எண்ணிப் பார்த்தார். சங்கத் தலைவர் அழகுமுத்து அண்ணன் இன்னும் தூரம் போனார். “மீன் புடிக்கிறவன்னு ஒரு கையெழுத்து வச்சுப் பாரு, நாளைக்கே நீ மீனவன். தோட்டத் தொழிலாளி இல்ல. சேமலாப நிதி இல்ல, வீடு கட்டத் தர்ற ஏழு பேர்ச் காணி இல்ல. இங்க ஒனக்கு என்னா வேலைன்னு லொறியில ஏத்தி நீர்கொழும்புல கடல்கிட்ட எறக்கி விட்டுருவான்” என்றார். அன்றிரவு கீழ்ப்பிரிவில் பலர் கடலை நினைத்துத் தூங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. மூன்று வார வேலை, கணக்கெடுப்பாளர். கம்பஸ் முடித்த பிள்ளை, சொந்த ஊர், எல்லா வீட்டுக்கும் தெரிந்த முகம் என்று எடுத்தார்கள். ஹட்டனில் ஒரு நாள் பயிற்சி. “சொல்வதை மட்டும் எழுதுங்கள், நீங்கள் ஊகிப்பதை எழுதாதீர்கள்” என்று மூன்று தடவை சொன்னார்கள். நான் அதை மூன்று தடவையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். என்னால் செய்யக்கூடிய வேலை என்று மகிழ்ச்சியாக இருந்தது, ஊகித்ததைக் கேட்கத்தானே வாய் வேண்டும்.

படிவத்தில் முப்பத்தொரு கேள்விகள். பதினான்காவது: ‘உங்கள் வீட்டில் எவரேனும் மீன் பிடிப்பதுண்டா?’ மாமா, நீங்கள் இங்கே பிறந்து வளர்ந்தவர், இதற்குக் கீழ்ப்பிரிவு என்ன பதில் சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆற்றில் தூண்டில் போட்டால் வாட்சர் பிடிப்பார், மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் போடும்போது எல்லார் முன்னாலும் நிறுத்துவார்கள், பிறகு ஆபிசிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும், மூன்று கடிதம் சேர்ந்தால் வேலை போகும். தோட்டத்தை ஆண்ட அந்தத் துரை போய், வாட்சர் போய், தடையும் போய்ப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் கையில் பைலோடு யார் வந்தாலும் ‘இல்லை’ என்று சொல்வது இங்கே வணக்கம் சொல்வது மாதிரி. கேள்வியைக் கேட்டு முடிக்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை. அழகுமுத்து அண்ணன் வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. “அது கொசு வலை பாப்பா” என்றார். மூன்று விரல் போகும் கண் அதற்கு. வீரம்மா அத்தை வீட்டுப் பூனை என் கண் முன்னாலேயே ஒரு கெண்டையின் தலையைக் கவ்விக்கொண்டு போனது. “அது எங்க பூனையே இல்ல” என்றார் அத்தை. நான் ‘இல்லை’ என்ற கட்டத்தில் அடையாளம் போட்டேன்.

கடைசியாக எங்கள் வீடு. விதிப்படி வாசலில் நின்று, “வணக்கம், நான் நீர்த் திட்டத்தின் கணக்கெடுப்பாளர் பெற்றீசியா” என்றேன். அப்பா எழுந்து நின்று, “உள்ள வாங்க” என்றார். சும்மா கேலிக்கு இல்லை மாமா, உண்மையாகவே ‘வாங்க’. பைல் அப்படி. அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பதின்மூன்று கேள்வி ஒழுங்காகப் போனது. பதினான்காவதைக் கேட்டேன்.

“அந்தப் பழக்கமெல்லாம் நம்ம வீட்டுல கிடையாதுங்க” என்றார் அப்பா.

அவர் முழங்கையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அடுப்பில் புளி சுண்டிக்கொண்டிருந்தது. அம்மா சட்டிக்கு முன்னால் வந்து நின்று சேலையை விரித்துக்கொண்டார். நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா பைலைப் பார்த்தார். ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அறுபத்திரண்டாவது ‘இல்லை’யைப் போட்டுவிட்டுப் பைலை மூடினேன். மூடியதும் அப்பா, “கை கழுவிட்டு வா பாப்பா, கறி ஆறுது” என்றார்.

பிறகு கூழாங்கல் வந்தது. ஓடை சேரும் இடத்தில் இரண்டு லொறி கழுவிய கல்லை இறக்கிப் பரப்பினார்கள், மீன் முட்டையிட. நாலாம் நாள் திட்டத்தின் சமூக அலுவலர் சுமன் சார் வந்து பார்த்தபோது கல் ஏரியில் இல்லை. 3ஆம் லயத்து முற்றத்தில் இருந்தது, கோயில் போகும் வழியில் இருந்தது, எங்கள் மாட்டுப் பட்டியிலும் கொஞ்சம் இருந்தது. மீனுக்கு எதற்குக் கல், கல்லுக்கு அடியில் எதையோ புதைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுத்தான் கிளறிப் பார்த்தார்களாம். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு வெறுங்கையோடு திரும்ப யாருக்கும் மனம் வரவில்லை. சுமன் சார் வீரம்மா அத்தை முற்றத்தில் நின்று ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார்.

“அக்கா, இந்தக் கல் எப்படி இங்க வந்துச்சு?”

“இது எப்பவும் இங்கதான் சார் கெடக்கு. நான் கல்யாணம் கட்டி வந்த நாள்ல இருந்து.”

“இது மகியங்கனைப் பக்கத்து ஆத்துக் கல்லு அக்கா. இந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது.”

“அப்ப எங்க மாமனார் கொண்டாந்திருப்பாரு சார். அவரு அந்தப் பக்கமெல்லாம் போற ஆளு.”

மறுபடி கல் வந்தது, இந்தத் தடவை காவலுக்கு ஓர் ஆளோடு. நாணல் நட்டார்கள். அதை எங்கள் மாடு தின்றது. கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் ஒரே மத்தியானத்தில் நாற்பது செடி. இந்தத் திட்டத்தை முழு மனதோடு நம்பிய ஒரே ஜீவன் எங்கள் மாடுதான் என்று சுமன் சார் சொன்னாராம். அவர் பண்டாரவளைப் பிள்ளை, நம் பேச்சை நம்மைப் போலவே பேசுகிறவர், கோபப்படாதவர். அதனால்தான் அவரை யாரும் நம்புவதில்லை. “திட்டுற ஆளா இருந்தா என்னா வேணும்னு வெளங்கிரும். இவன் சிரிக்கிறான்” என்று அப்பா அவரைக் கண்டாலே பாதையை விட்டு விலகிப் போவார். ஒரு நாள் விலக இடமில்லை. புதுப் படிக்கட்டில் அப்பா இறங்க, சுமன் சார் ஏற, இருவரும் நேருக்கு நேர். அப்பா கையில் பத்தடி மூங்கில். நான் கொழுந்து மலைக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன வழியில் மேலே நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

“என்னங்கையா, மீன் பிடிக்கவா?”

“சேச்சே. கொய்யா பறிக்க சார்.”

“இங்க கொய்யா மரமே இல்லையே?”

“அதான் சார், தேடிக்கிட்டு இருக்கேன்.”

“மூங்கில் நுனியில நூல் இருக்கே?”

“கொய்யா தண்ணில விழுந்தா இழுக்கணும்ல சார்.”

சுமன் சார் தலையாட்டிவிட்டு மேலே ஏறினார். அப்பா அவர் முதுகு மறையும்வரை அண்ணாந்து வானத்தில் கொய்யா தேடினார்.

போன வாரம் பிள்ளைமடுவத்தில் கூட்டம் வைத்தார்கள். தொட்டில்களை ஓரம் தள்ளிவிட்டு எல்லாரும் சுவரோரம் நின்றோம். நாற்காலியில் உட்கார்ந்தால் பெயர் எழுதுவார்கள் என்று யாரும் உட்காரவில்லை. சுமன் சார் ஒரு தாளை வாசித்தார். கணக்கெடுப்பின்படி கீழ்ப்பிரிவில் மீன் பிடிப்போர் எவரும் இல்லை. ஆகவே மீன்பிடிப் பாதை தேவைப்படவில்லை என்று திட்டக் கம்பனி தெரிவித்திருக்கிறது. கரை முழுவதும் வேலி போட்டு, உல்லாசப் பயணிகளுக்குப் படகு விடப் போகிறார்கள். வேலித் தூண் வந்து இறங்கிவிட்டது. ஆட்சேபணை இருந்தால் 28ஆம் திகதிக்குள்.

மாமா, அப்போது எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பாதை வந்தபோது வராத ஆத்திரம் வேலி என்றதும் வந்தது. “எங்க ஆத்துல எங்கள எறங்க வேணாம்னு சொல்ல இவனுங்க யாரு?” என்று வீரம்மா அத்தை முன்னால் வந்தார். “அண்டாக் குழி எங்க அப்பன் காலத்துல இருந்து எங்களுது” என்றார் அழகுமுத்து அண்ணன். அப்பாவும் பின்னாலிருந்து கையை உயர்த்தி, “நம்ம சாப்பாட்டுல கை வைக்கிறானுங்க!” என்று கத்தினார். அப்பா கூட்டத்தில் கத்தி நான் பார்த்ததில்லை. கண் கலங்கியிருந்தது. கொழுந்து குறைந்த மாதங்களில் எங்கள் வீட்டுச் சட்டியில் வேறு எதுவும் இருந்ததில்லை. நான் படித்ததே அந்தச் சட்டியால்தான்.

சுமன் சார் எல்லாரும் அடங்கும்வரை இருந்துவிட்டு, “அப்ப நீங்க மீன் பிடிக்கிறீங்க?” என்று கேட்டார்.

தொட்டிலில் ஒரு குழந்தை இருமியது.

“இல்ல சார்” என்றார்கள் எல்லாரும்.

கூட்டம் கலைந்ததும் எல்லாச் சந்தேகமும் சேர்ந்து என் பக்கம் திரும்பியது. “கம்பனிக்காரன்கிட்ட சம்பளம் வாங்கினவதானே” என்று யாரோ சொன்னார்கள். வீரம்மா அத்தை என்னைக் கையைப் பிடித்து நிறுத்தி, “நீ படிச்ச புள்ள தானே? நாங்க இல்லைன்னு சொன்னா ஆமான்னு எழுதணும்னு ஒனக்குத் தெரிய வேணாமா?” என்று கேட்டார். அதற்குப் பதில் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பா. “கொதிக்கிறது மூக்குக்குத் தெரியல? இருவது வருசமா தின்ன வாய்தானே?” என்றார். “நீங்கதானே அப்பா கிடையாதுன்னு சொன்னீங்க” என்றேன். “ஆபிஸ்காரவங்ககிட்ட அப்பிடித்தான் சொல்லணும். நீ என்ன ஆபிஸ்காரியா?” அதன் பிறகு இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை. மாட்டிடம் பேசுகிறார், எனக்குக் கேட்கும்படி.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சுமன் சார் என்னிடம் மட்டும் மெதுவாக ஒன்று சொன்னார். திரும்பவும் கணக்கெடுக்க அனுமதி கிடைக்காது. ஆனால் அணைக்கு முன்பிருந்தே இங்கே மீன் பிடித்ததற்குப் பழைய பேப்பர் ஏதாவது இருந்தால், ஒன்றே ஒன்றானாலும், வேலியை நிறுத்தி விசாரிக்க வைக்கலாம் என்றார். ஏன் என்னிடம் மட்டும் சொன்னார், அதுவும் ஏன் மெதுவாகச் சொன்னார் என்று இரண்டு நாள் யோசித்தேன். உதவி செய்கிறவரை அப்படி நினைப்பது தவறுதான். ஆனால் நானும் கீழ்ப்பிரிவுப் பிள்ளைதானே.

பேப்பர் தேடி மஸ்கெலியாவுக்குப் போனேன். இருபது வருடமாக நம் ஆட்கள் தூண்டில் முள் வாங்குவது மஃறூப் நானா கடையில்தான். அவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதுமே. என் கையில் பைல் இருந்தது, அதை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

“தூண்டி முள்ளா? அதெல்லாம் நான் விக்கிறதில்ல மகள்” என்றார். அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் முள் பக்கெட் வரிசையாகத் தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்த்தார். “அது சும்மா அலங்காரத்துக்கு” என்றார். நான் தலைகுனிந்து படி இறங்கியதும் பின்னாலிருந்து மெதுவாக, “மகள், ஆறாம் நம்பர் வந்திருக்குன்னு வாப்பாட்ட சொல்லுங்க” என்றார்.

தோட்டத்து ஆபிசுக்கும் போனேன். பழைய பைல்களைப் பற்றிக் கேட்டதும் பெரிய கிளாக்கர் என்னை மேலும் கீழும் பார்த்து, எந்த வழக்குக்கு என்று கேட்டார். வழக்கு இல்லை, மீனுக்கு என்றேன். அவர் சந்தேகம் இன்னும் கூடியது. 2010க்கு முந்தியதெல்லாம் கறையான் தின்றுவிட்டது என்று சொல்லி அலுமாரிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அம்மா உங்கள் கதையைச் சொன்னார்.

மாமா, கோபித்துக்கொள்ளக் கூடாது. 1998இல் அண்டாக் குழியில் நீங்கள் வாட்சர் கையில் பிடிபட்டதையும், உங்களை ஆபிசுக்குக் கொண்டுபோனதையும், அந்த அவமானத்தில் அடுத்த மாதமே கொழும்புக்குப் போனதையும் அம்மா சொன்னார். நீங்கள் சொன்ன காரணத்தையும் சொன்னார்: மழைக்கு ஒதுங்கி நின்றீர்கள், வழியில் வந்த ஒருவர் ‘தம்பி, கொஞ்சம் புடிங்க’ என்று தூண்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார், அவர் திரும்பி வருவதற்குள் வாட்சர் வந்துவிட்டார். அன்றைக்கு மழை பெய்ததா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. நான் கேட்பது வேறு. பிடிபட்ட எல்லாருக்கும் போல உங்களுக்கும் ஆபிசிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் தந்திருப்பார்கள். இடம், நாள், மீன் பிடித்த குற்றம் எல்லாம் அதில் இருக்கும். கீழ்ப்பிரிவில் மீன் பிடித்ததற்குத் துரையே கையெழுத்து வைத்த சாட்சி அது. நம்மிடம் வேறு ஒன்றும் இல்லை. அதைப் பெட்டியில் தேடி எடுத்து, ‘ஆம், நான் அங்கே மீன் பிடித்தது உண்மை’ என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்து, புதன்கிழமை பிரதாப் அண்ணன் திரும்பும்போது கொடுத்துவிடுங்கள்.

இருபத்தாறு வருடம் காப்பாற்றிய மானத்தை ஒரு மருமகள் வந்து கேட்பது பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் இங்கே இருக்கிறவர்களால் முடியாது மாமா. அவர்களுக்கு நாக்கு அப்படிப் பழகிவிட்டது. நீங்கள் வத்தளையில் இருக்கிறீர்கள். உங்களை இனி யாரும் பெரட்டில் நிறுத்த முடியாது. எங்கள் குடும்பத்தில் துணிந்து பிடிபட்டவர் நீங்கள் ஒருவர்தான். அப்பாகூட இவ்வளவு வருடத்தில் ஒரு தடவையும் பிடிபட்டதில்லை என்றுதான் சொல்வார்.

அத்தைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். தேத்தூள் ஒரு கிலோ இத்துடன் வருகிறது, எடை குறைந்திருந்தால் பிரதாப் அண்ணனைக் கேட்கவும். உங்கள் வியாபாரமும் உடம்பும் வீட்டுச் சமாதானமும் ஒரு குறையுமின்றி விளங்க மாதாவின் மன்றாட்டை வேண்டி, உங்கள் காலைத் தொட்டு வணங்கி முடிக்கிறேன்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
பெற்றீசியா

பி.கு.: மார்ச் 27, வியாழக்கிழமை. பிரதாப் அண்ணனின் லொறி பிரேக் பழுதாகி நோர்வூட்டில் நின்றுவிட்டது. இந்தக் கடிதம் மூன்று நாளாக என் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. அதற்குள் நடந்ததை எழுதாவிட்டால் சரியில்லை. உங்களிடம் கேட்கப்போவதை நான் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அதைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வீரம்மா அத்தையிடம் மட்டும் சொன்னார். செவ்வாய்க்கிழமை பொழுது சாயுமுன் கீழ்ப்பிரிவு முழுவதும் புதிதாக ஒரு சந்தேகம்: ஜூட்சன் கடிதம் மட்டும் ஆபிசுக்குப் போனால் ஏரி ஜூட்சன் பேருக்குப் போய்விடும். “வத்தளையில குந்திக்கிட்டு இருக்கிறவனுக்கு ஏரிய எழுதிட்டு, நாம அவன்கிட்ட அனுமதித் துண்டு வாங்கியா தூண்டில் போடணும்?” என்றார் அழகுமுத்து அண்ணன். அவ்வளவுதான். ஒவ்வொருவராக எங்கள் பின்கதவைத் தட்டினார்கள். வீரம்மா அத்தை முதலில் வந்து, முந்தானைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, “எங்க வீட்டுல யாரும் மீன் புடிச்சதே இல்ல. ஆனா இந்தக் கடுதாசி கெடக்கு” என்றார். எச்சரிக்கைக் கடிதம்! மாவு டின்னிலிருந்து, கோட்டுத் தையலுக்குள்ளிருந்து, பைபிளுக்குள்ளிருந்து, நேற்று இரவுக்குள் நாற்பத்தொரு வீட்டுக் கடிதங்கள். மூன்று சேர்ந்துவிட்டதா என்று பார்க்கவே எல்லாரும் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லவில்லை. எல்லாமே ஆங்கிலத்தில் டைப் அடித்தவை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவற்றை யாரும் வாசித்ததில்லை. நான்தான் முதல்முறையாக ஒவ்வொன்றையும் வாசித்துச் சொன்னேன்.

இன்று காலை வீரம்மா அத்தையையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போய் ஒப்படைத்தேன். சுமன் சார் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, வேலி வேலையை நிறுத்தச் சொல்லி என் முன்னாலேயே போன் பண்ணினார். விசாரணை முடியும்வரை பாதையில் யாரும் கை வைக்க முடியாதாம். இத்தனை கடிதம் இருக்கும்போது முடிவு நம் பக்கம்தான் என்றார். பிறகு, “அப்ப அக்கா, நீங்க எல்லாரும் மீன் பிடிச்சிருக்கீங்க?” என்று அத்தையைக் கேட்டார். “இல்ல சார்” என்றார் அத்தை.

ஒரு கடிதத்தை மட்டும் நான் ஒப்படைக்கவில்லை. நேற்று எல்லாரும் போன பிறகு அப்பா திரு இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றி, பின் அட்டைக்குள்ளிருந்து இரண்டு கடிதங்களை எடுத்துக் கொடுத்தார். ஒன்று சாதாரணமானது. மற்றது 1998 ஒக்டோபரில், உங்களைப் பிடித்த அதே நாள் போட்டது. நான் வாசித்துக்கொண்டே போய்ப் பாதியில் நிறுத்திவிட்டேன். “ஏன் நிறுத்திட்ட?” என்றார் அப்பா. வேறு வழியில்லாமல் வாசித்தேன்: ‘உமது மைத்துனர் ஜூட்சன் இன்று தாமாகவே தெரிவித்தபடி, நீர் நான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் மேற்படி குழியில் மீன் பிடித்து வருகிறீர். உமக்குப் புத்தி சொல்லித் திருத்தவே தாம் அங்கு வந்ததாக அவர் கூறியதாலும், அவரது ஒத்துழைப்பைக் கருதியும், அவருக்கு எச்சரிக்கை எதுவும் வழங்கப்படவில்லை.’

ஆகவே மாமா, மேலே நான் கேட்ட கடிதத்தைப் பெட்டியில் தேட வேண்டாம்.

அப்பா மூன்று தடவை திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை. என்னோடும் பேச ஆரம்பித்துவிட்டார். “மச்சானுக்கு எழுது. ஈஸ்டருக்குக் கட்டாயம் வரணும்னு எழுது. தூண்டில் கொண்டாற வேணாம், எல்லாம் நான் வச்சிருக்கேன். கரையில எட்டாம் நம்பர் சீட்டு அவருக்குத்தான்னு எழுது, ஆழமான எடம், அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காது” என்றார்.

அம்மா தனியாக ஒன்று கேட்டு எழுதச் சொன்னார்: உங்களுக்கு நீச்சல் தெரியுமா?